வில்லரேயில் சிரித்த பெட்டி

யாழ்ப்பாணத்துக்குப் போகிற தரைப்பாதையை மூடிவிட்ட காலம் அது. ஊர் முழுவதும் இராணுவத்தின் கையில். பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் சனம் வரிசையில் நிற்கிறது என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த, பிரெஞ்சு பேசுகிற வில்லரேயில், எங்கள் மாதா கோயிலின் நிலவறையில் சாமான் சேர்க்கத் தொடங்கினோம். கொழும்புக்குக் கப்பலில் அனுப்பினால் அங்கிருந்து குருமார் எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

பொறுப்பாக நின்றவர் ஒரு அக்கா. முதியோர் இல்லத்தில் வேலை. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கிழவர்களை ஒரு பார்வையில் குளியலறைக்கு அனுப்புகிறவர். எங்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: பற்றரி உள்ள எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது. சோதனைச் சாவடியில் ஒன்று அகப்பட்டாலும் குண்டு செய்யத்தான் என்று முழுவதையும் மறித்துவிடுவார்கள். நான் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதி ஏற்றுகிறவன் என்பதால் பெட்டி அடுக்குகிற வேலை எனக்கு. அக்காவின் கணவர், எங்கள் எல்லாருக்கும் அத்தான், பெட்டிகளுக்கு ஒட்டுநாடா சுற்றினார். ஒரு சுற்றில் எதுவும் ஒட்டும் என்று நம்பாத மனிதர்.

அயலில் இருந்த பிரெஞ்சுக்காரரும் அள்ளித் தந்தார்கள். ஒரு கிழவி பனிச்சறுக்குச் சப்பாத்து கொண்டுவந்தார். அங்கே பனி பெய்யாது என்று எங்கள் கோயில் பாதர் விளங்கப்படுத்தினார். பெய்தால் என்ன செய்வார்கள் என்று கிழவி கேட்டார். பாதர் சப்பாத்தை வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஒட்டி முடித்து லொறிக்காகக் காத்திருந்தோம். நான் ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தேன். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு தெளிவான பிரெஞ்சில், வணக்கம் நண்பா என்று, "பொன்ஜூர், மொன் அமி."

அத்தான் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆர் பற்றரி வைச்சது?" என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

மேல் பெட்டியை வெட்டித் திறந்தோம். பால்மா. கீழ்ப் பெட்டியைத் திறந்தோம். சவர்க்காரம். அத்தான் ஒட்டிய நாடாவை அறுப்பதற்குள் வியர்த்துவிட்டது. அதற்குள் சிரிப்பும் நின்றுபோனது. எனவே எல்லாரும் முழங்காலில் நின்று பெட்டி பெட்டியாகக் காது வைத்தோம். பாதர் ஒரு பெட்டியை மெல்லத் தட்டி, மரியாதையாக "பொன்ஜூர்?" என்று கேட்டார். அத்தானும் ஒன்றைத் தட்டி, "தம்பி, உள்ளுக்க நிக்கிறியே?" என்றார். அதற்குத் தமிழ் விளங்காது என்றேன். அக்கா என்னை முறைத்தார்.

லொறிச் சாரதி அந்த நேரம்தான் இறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார். சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்காக ஓரத்தில் இருந்த பெட்டியில் காலைத் தூக்கி வைத்தார். பெட்டி சிரித்தது.

உள்ளே குழந்தைச் சட்டைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் வாத்துப் பொம்மை. அக்காவின் முகம் மாறியது.

"அது நான் வாங்கி வைச்சது," என்றார். "சிரிக்குமெண்டு கடைக்காரன் சொல்லேல்லை."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து மனைவியைப் பார்த்துச் சிரிக்கத் துணியாத அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சாரதி தன் பேனாக்கத்தியால் வாத்தின் வயிற்றுத் திருகாணியைக் கழற்றிப் பற்றரியை எடுக்கும்வரை அது அக்காவின் கையில் கிடந்து சிரித்துக்கொண்டே இருந்தது. வாயை மூடு என்று அக்கா அதை அதட்டினார். முதியோர் இல்லத்தில் எடுபட்டது வாத்திடம் எடுபடவில்லை.

சில மாதம் கழித்து, யாழ்ப்பாணத்தில் சாமானைப் பொறுப்பெடுத்த கன்னியாஸ்திரி தொலைபேசியில் வந்தார். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய், நாங்கள் பற்றரி இல்லாமல் திரும்பப் பெட்டிக்குள் வைத்த வாத்தைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் போகவிட்டானாம். சவர்க்காரம் வந்த அன்றே தங்கள் மடத்து விடுதியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரையும் குளிப்பாட்டினார்களாம். "மண்டபம் முழுக்க இன்னும் அந்த வாசம்தான்," என்றார்.

அக்கா ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, அங்கே என்ன பார்வை, வேலையைப் பாருங்கோ என்று எங்களை ஏசினார்.