முதல் கயிறு

வாட்டி மேர் செத்தபோது அவர் மனைவி எல்ஸ்பெத் அழவில்லை. அதற்கு எங்கள் மீன்பிடி ஊர் போர்ட்லென்னி முழுக்க வாய் கிழியப் பேசியது. "கல்லு நெஞ்சுக்காரி" என்றார்கள் ரொட்டிக்கடையில். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, நெட்டா. கேட்டுக்கொண்டு சும்மா வருகிற ஆளில்லை. "அவ அழுதா நீங்க போயி கண்ணைத் துடைச்சுவிடப் போறீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் உள்ளதைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தேநீர் போட்டு என் முன்னால் வைப்பாள், உட்காருவாள், உடனே எழுந்துபோய் மறுபடி கெண்டியை அடுப்பில் ஏற்றுவாள். மேசை முழுக்கக் கோப்பைகள் ஆறிக் கிடக்கும். அவள் எதையும் குடிக்கவில்லை.

வாட்டி நல்ல மனிதர்தான். ஆனால் வாயில் எப்போதும் கொழுக்கட்டை. கடலுக்குப் போவார், வருவார், புகைபோட்ட மீன் சூப்பைக் குடிப்பார், தூங்குவார். அந்த மனிதர் சாகும்முன் எல்ஸ்பெத்திடம் ஒன்று கேட்டார். "என்னை எங்கம்மாகூட பழைய கோயில் கல்லறையில வை. மேட்டுல புதுசா போட்டிருக்காங்களே, அங்க வேண்டாம்." அவ்வளவுதான்.

அது லேசான காரியமில்லை. பழைய கல்லறையை மூடி வெகுகாலமாகிவிட்டது. குழியை முதலில் வாங்கியவருடைய நேர் வாரிசு என்று காட்டினால்தான் திறப்பார்கள். வாட்டியின் கொள்ளுத்தாத்தா வாங்கிய குழி அது. பத்திரம் எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. "சனிக்கிழமை அடக்கம்னா வெள்ளிக்குள்ள வம்சாவளி வேணும். இல்லேன்னா மேட்டுலதான்" என்றாள் கல்லறை அலுவலகப் பெண்.

நல்ல வேளை, எல்ஸ்பெத்துக்கு அதுதான் தொழில். வேலை பார்த்த மீன் ஆலையை மூடியபிறகு அவள் ஊரார் பாட்டன்களைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் எழுதுவார்கள். இவள் பழைய மக்கள்தொகைக் கணக்கையும் திருச்சபைப் பதிவேட்டையும் அலசி, இன்னார் மகன் இன்னார் என்று எழுதி அனுப்புவாள். எங்கள் ஊரில் அது சாமானிய வேலையா? பாதிப்பேர் மேர், மீதிப்பேர் ஸ்லேட்டர். "ஜான் மேர்!" என்று கூப்பிட்டால் துறைமுகமே திரும்பிப் பார்க்கும்.

போன கோடையில் ஒரு கனடாக்காரர் நேரிலேயே வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். எல்ஸ்பெத் அவருடைய குடும்பப் பட்டியலை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க தாத்தாவுக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்து செத்திருக்கான்" என்றாள்.

"எந்தக் காகிதத்துலயும் இல்லையே!"

"எப்படி இருக்கும்? பத்து வருஷத்துக்கு ஒருதரம்தான் தலை எண்ண வருவாங்க. நடுவுல வந்து நடுவுல போனதுக்குக் கணக்கே கிடையாது. பேரைப் பாருங்க. மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பேரு. ரெண்டாவதுக்கு அம்மாவழி. உங்க தாத்தாவுக்கு அம்மாவழிப் பேரு இருக்கு. அப்போ அப்பாவழிப் பேரை எவனோ முன்னாடியே கொண்டு போயிட்டான்."

"அதே பேரைத் திரும்ப வெச்சிருக்கலாமே?"

"சில ஊர்ல வைப்பாங்க. இங்க குடுத்த பேரைத் திருப்பி வாங்க மாட்டாங்க."

கனடாக்காரர் கண் கலங்கிவிட்டார். எல்ஸ்பெத் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

இப்போது வாட்டிக்காக அதே பதிவேடுகளைப் புரட்டினாள். பதிவேட்டு அலுவலகத்துக்கு நான்தான் காரோட்டினேன். திரையில் ஒவ்வொரு பக்கமாக நகர்ந்தது. வாட்டியின் அப்பா கில்பர்ட், அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா. வாட்டியின் அப்பா கைக்குழந்தையாக ஒரு வரியில் இருந்தார். அவள் மளிகைக்கடைச் சீட்டு எழுதுகிறவள் மாதிரி எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உனக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணல நெட்டா. யாரோ கனடாக்காரனுக்குத் தேடுற மாதிரிதான் இருக்கு. கை மட்டும் வேலை செய்யுது."

கில்பர்ட் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. எல்ஸ்பெத்தின் முதல் பிரசவத்தில் பையன் செத்தே பிறந்தான். நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டாள். "மறந்துடும்மா, அடுத்தது வரும்" என்றாளாம். முகத்தைக்கூடக் காட்டவில்லை. எங்கே வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கமாட்டார்கள். பிறகு ஒரு பையன் பிறந்தான். "கில்பர்ட்னு எழுதிட்டு வாங்க" என்று இவள் பிறப்பைப் பதியச் சொல்லியனுப்ப, வாட்டி போய் ஆண்ட்ரு என்று எழுதிவிட்டு வந்தார். அது எல்ஸ்பெத்தின் அப்பா பெயர். ஏன் என்று கேட்டால், "அதுவே இருக்கட்டும்." அவ்வளவுதான் பதில். மாமனாரை ஒதுக்கிவிட்டுத் தன் அப்பன் பெயரை முன்னால் போட்டாள் என்று ஊர் அவளைத்தான் காய்ச்சி எடுத்தது. அந்தக் கோபம் அவளுக்கு வாட்டிமேல் கடைசிவரை இருந்தது. சொல்லமாட்டாள், ஆனால் இருந்தது.

வம்சாவளி சரியாக வந்துவிட்டது. அலுவலகப் பெண் பார்த்தாள், முத்திரை குத்தினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் குழியைக் காட்ட நாங்கள் பழைய கல்லறைக்குப் போனோம். குழிவெட்டி டேவி பிரி ஏற்கெனவே புல்லை வெட்டி எடுத்திருந்தான். கால்மாட்டில் ஒரு மூலையை மட்டும் தொடாமல் விட்டு, அங்கே ஒரு குச்சி நட்டிருந்தான்.

"அந்த மூலையை ஏன்டா விட்டுட்டே?" என்றேன்.

"அங்க வெட்டமாட்டேன் நெட்டா. 'மேர் குழியில கால்மாட்டுப் பக்கம் கடப்பாரையை ஓங்காதே, அங்க ஒரு சின்னது இருக்கு'ன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. அவரு காலத்துல வெச்சது. ஆபீஸ்ல எழுதல."

"யாருது?" என்றாள் எல்ஸ்பெத்.

டேவி மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்திருக்கிறான், பாவம். "வாட்டியோட பிள்ளைதாம்மா. ஆஸ்பத்திரிலேருந்து வாங்கிட்டு வந்தாராம். பெட்டியை அவரே அடிச்சாராம். சின்னப் பெட்டியை இறக்க ரெண்டு கயிறுதான். ரெண்டையும் வேற யார் கையிலயும் குடுக்கலையாம்."

காற்று பலமாக அடித்தது. எல்ஸ்பெத் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கில்பர்ட்" என்றாள்.

"என்ன கில்பர்ட்?"

"பேருடி. அவனுக்குக் குடுத்துட்டாரு. அதான் ஆண்ட்ருவுக்குக் குடுக்கல." குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேனே நெட்டா. பேரைப் பாரு, பேரைப் பாருன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பையால் கல்லறைச் சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். "அடப்பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா உன் வாய் என்ன தேஞ்சா போயிருக்கும்?" செத்தவரைத் திட்டக்கூடாதுதான். திட்டினேன், அழவும் அழுதேன். எல்ஸ்பெத் எனக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆண்ட்ரு நடுக்கடல் எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து அன்று காலைதான் வந்து சேர்ந்தான். பெட்டியை இறக்க எட்டுக் கயிறு, ஆளுக்கு ஒன்று. தலைமாட்டில் இருக்கிற முதல் கயிறு மூத்த மகனுக்கு, அதில் வேறு யாரும் கை வைக்கமாட்டார்கள். அடக்கம் நடத்துகிற இம்லாக், "ஒண்ணாவது கயிறு" என்று கூப்பிட்டார். ஆண்ட்ரு முன்னால் வந்தான்.

"அது உன்னுது இல்லப்பா" என்றாள் எல்ஸ்பெத். "நீ ரெண்டாவதைப் பிடி."

எங்கள் ஊரில் பெண்கள் கயிறு பிடிப்பதில்லை. அவள் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, முதல் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். இம்லாக் வாயைத் திறந்தார். நான் ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டார்.

"அம்மா, என்ன இது? மூத்தவன் நான்தானே?"

"இல்ல. உங்கண்ணன் கில்பர்ட். அதோ, அந்த மூலையில இருக்கான். அவனுக்குப் பதிலா நான் பிடிக்கிறேன்."

ஆண்ட்ரு அந்த மூலையைப் பார்த்தான். அப்புறம் அம்மாவைப் பார்த்தான். இரண்டாவது கயிற்றை எடுத்துக்கொண்டான்.

பெட்டி இறங்கியது. மற்ற எல்லோரும் கயிற்றை உள்ளே போட்டார்கள். எல்ஸ்பெத் மட்டும் போடவில்லை. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழிக்குள் குனிந்தாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு கயிறு நான் பிடிச்சிருப்பேனே வாட்டி" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.