சிறகு தைக்கும் சந்திரவதனா

நூலை ஊசியில் கோக்கும் முன் சந்திரவதனா அதைத் தன் கன்னத்தில் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். நூலில் பூசிய மெழுகு சரியா என்று கன்னம்தான் சொல்ல வேண்டுமாம்; ஐம்பத்தெட்டு வயதில் விரல்கள் பொய் சொல்லத் தொடங்கிவிட்டனவாம். "மெழுகு கூடினா வழுக்கும், குறைஞ்சாத் துணியை அறுக்கும்" என்கிறார். ஊசி ஒரு முழ நீளம். நிமிர்த்தி வைத்த விமானச் சிறகின் இந்தப் பக்கம் குத்தினால் அந்தப் பக்கம் தலை நீட்டும். அங்கே நடந்துபோய்த் திருப்பிக் குத்திவிட்டு, இங்கே வந்து முடிச்சுப் போடுகிறார். ஒரு சிறகுக்கு இப்படி நூற்றுக்கணக்கில் முடிச்சு. இரண்டு பேர் செய்கிற வேலையை ஏன் தனியாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மற்றாள் கதைக்கும்" என்றார்.

வீடு நகரத்தின் ஓரத்தில், வோபர்ன் என்கிற பகுதியில். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை பஸ் பிடித்துப் போய், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே அவர் பெயர் சாண்டி. பெயர் நீளம் என்று பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு சூப்பர்வைசர் வெட்டியதுதான் இன்னமும் அவருடைய அடையாள அட்டையில் தொங்குகிறது. சனிக்கிழமை மட்டும் நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன விமானத் திடலுக்கு வருகிறார். 1941இல் இதே நகரத்து டவுன்ஸ்வியூ விமானத் தொழிற்சாலையில் கட்டிய இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானம் ஒன்று அங்கே ஒரு கொட்டகையில் நிற்கிறது. சிறகெல்லாம் மரச்சட்டத்தின் மேல் துணி இழுத்துத் தைத்தவை. துணிக்கு மேல் பூசுகிற பசையின் மணம் எனக்குத் தலையைச் சுற்றியது. அவருக்கு அது நெயில் பொலிஷ் மணமாம், பரவாயில்லையாம்.

விமானத்தின் சொந்தக்காரர் நிரூபன், நாற்பது வயது, பெரிய விமானங்களைப் பழுதுபார்க்கிற தொழில். விமானத்தின் இருக்கைக்கு உறை தைக்கத்தான் சந்திரவதனாவை முதலில் கூட்டி வந்தாராம். வந்தவர் இருக்கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிறகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டாராம்: "உந்தத் தையல் ஆர் போட்டது?"

"நான்தான் அன்ரி."

"உதிலயோ பறக்கப் போறீர்?"

அன்றைக்கே பிரிக்கத் தொடங்கினார்கள். புதுத் துணி போட்டு முடிந்தபோது முதல் பறப்பில் முன் இருக்கை தனக்கு என்று சொல்லிவிட்டார். "நான் தைச்சதில நான் ஏறாட்டி வேற ஆர் நம்பி ஏறுவினம்?" மேலே போய் இறங்கியதும் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "குளிர்."

மனிதர் ஏறுகிறதோ கை வைக்கிறதோ எதுவானாலும் இவர் கையால் குங்குமப் பொட்டு விழும். மகளின் காருக்கு வைத்தார், தொழிற்சாலையில் தைக்கும் மெஷினுக்கு வைத்துத் திட்டு வாங்கினார். சிறகைத் துணியால் மூடும் முன் உள்ளே முதல் மரச்சட்டத்தில் ஒரு பொட்டு. "மூடினாப் பிறகு உள்ளுக்க ஆர் பாக்கிறது? அம்மாள் பாக்கட்டும்." இதை அவர் ஒளிக்கவும் இல்லை, பறைசாற்றவும் இல்லை.

வருடா வருடம் ஆகஸ்டில் அந்தத் திடலில், பழைய விமானங்களைப் புதுக்கியவர்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் விமானம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். குறைந்தாலும் புள்ளி போகும், கூடினாலும் போகும். நகை கூடிப்போச்சு என்று மணப்பெண்ணைக் குறை சொல்கிற இடத்தை நான் இங்கேதான் கண்டேன். வென்றால், வேலை செய்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் கேடயத்தில் வெட்டிப் பொறிக்கப்படும். இரண்டாம் இடத்துக்குக் கைதட்டு மட்டும். போன வருடம் சிறகுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை; வெளியே புதுசாக மினுங்கிய இரண்டு ஆணியால் அரைப் புள்ளியில் தோற்றார்கள்.

அந்தக் கேடயத்தின் பித்தளைத் தகட்டை இவர் தன் தையல் அளவு நாடாவால் அளந்து வைத்திருக்கிறார். "இங்கிலீசில பதினாலு எழுத்து வரும். இடம் காணும். முழுப் பேரும் வெட்டோணும் எண்டு இப்பவே சொல்லிப்போட்டன்."

இந்த வருடம் நானும் போயிருந்தேன். நடுவர் சிறகடியில் படுத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்தவர், இவ்வளவு ஒழுங்கான தையலைத் தான் கண்டதில்லை என்றார். "தெரியும்" என்றார் சந்திரவதனா, ஆங்கிலத்திலேயே. பிறகு நடுவர் சிறகின் கீழிருந்த வட்ட மூடியைக் கழற்றி, டோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் பிடித்து உள்ளே பார்த்தார். இது என்ன சிவப்பு என்று கேட்டார்.

நிரூபன் சந்திரவதனாவின் காதருகே குனிந்தார். "அன்ரி, அந்தக் காலத்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்மாரும் சிவப்பில அடையாளம் போட்டவைதானே. உதுவும் அது எண்டு சொல்லுவம்" என்று தமிழில் முணுமுணுத்தார்.

"ஏன் பொய்? நான்தானே வைச்சனான்" என்றார். நடுவரிடம் திரும்பி, அது குங்குமம், தான் வைத்தது, 1941இல் இருந்ததல்ல என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நடுவர் நல்ல மனிதர். அந்நியப் பொருளுக்கு ஒரு புள்ளி குறைக்க வேண்டும், ஆனால் புள்ளியை எழுதும் முன் நீக்க முடிந்ததை நீக்கிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது என்று விளக்கி, ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவரிடம் நீட்டினார். கை நுழைகிற வாசல்தான். ஒரு துடைப்பில் போய்விடும். துடையுங்கோ அக்கா என்று எனக்கு வாய்வரை வந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சந்திரவதனா துணியை வாங்கினார். கையை உள்ளே விடாமல், வாசலின் விளிம்பில் நடுவரின் விரல் பட்டிருந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒருமுறை துடைத்தார். துணியை நான்காக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மூடியை வைத்துத் திருகாணியை முடுக்கினார்.