பேராசிரியர் மதியரசுவும் மூன்றாம் நம்பர் கேசட்டும்

முதல் நாள்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீடியோ லைப்ரரியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த வேலை போகப் பார்த்தது. காரணம், சிறகு வைத்த ஒரு ஹீரோ.

படத்தின் பெயர் 'வானப்பருந்து'. தமிழில் டப்பிங் செய்த இங்கிலீஷ் படம். பகலில் லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவன், ஊருக்கு ஆபத்து என்றால் இரும்புச் சிறகை மாட்டிக்கொண்டு பறப்பான். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. எங்கள் முதலாளி சலீம் பாய், டீலர் பேச்சை நம்பி நாலு கேசட் வாங்கிவிட்டார். நாலும் ஷெல்ஃபில் தூங்கின.

"இந்தா பாரு அம்மணி, இது நாலும் வெளிய போகோணும். ரெண்டு மாசத்துல போகலீன்னா, கடைக் கவுண்டருக்கு ரெண்டாவது ஆளு எதுக்குன்னு எங்கூட்ல கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது" என்றார்.

எனக்கும் தெரியாது. வெள்ளகோவிலில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு வைப்பவர். நான் பி.காம். முடித்தவள், கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். இரும்புச் சிறகுக்காரன் ஒருவனால் ஊருக்குத் திரும்புவது எனக்குக் கேவலமாகப் பட்டது.

கருத்து அட்டை

எங்கள் லைப்ரரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கேசட் பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை இருக்கும். பார்த்தவர்கள் தங்கள் கருத்தை எழுதுவார்கள். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் எடுப்பார். வானப்பருந்து அட்டையில் இரண்டே வரிகள்: 'தலைவலி மாத்திரையுடன் தரவும்.' 'கம்பி தெரிகிறது.'

போதாததற்கு, மாலைப் பத்திரிகை ஒன்றில் சினிமா விமர்சனம் எழுதும் ஞானம் சாரும் எங்கள் மெம்பர்தான். 'பருந்துக்குச் சிறகு இருக்கிறது, கதைக்குக் கால்கூட இல்லை' என்று அவர் எழுதியதை யாரோ வெட்டி வந்து அட்டையில் ஒட்டியும் இருந்தார்கள்.

நான் அந்த அட்டைகளை எடுத்துவிட்டு நாலு புது அட்டை வைத்தேன். இடது கையால் கொஞ்சம், சாய்த்துக் கொஞ்சம், பச்சை மையில் கொஞ்சம் என்று கருத்துகளை நானே எழுதினேன். நாலிலும் கடைசியாக ஒரு பெரியவரை இறக்கினேன்: 'குழந்தைகள் படம் என்று ஒதுக்குபவர்கள் ஏமாறுவார்கள். பறக்க முடிந்தவனின் தனிமையை இதுவரை யாரும் இப்படிக் காட்டியதில்லை. இங்ஙனம், பேராசிரியர் மதியரசு, எம்.ஏ.'

எம்.ஏ. என்பதை மட்டும் இரண்டு முறை அழுத்தி எழுதினேன். பொய் என்பதால் அல்ல, எனக்கு அது வேண்டும் என்பதால்.

படத்தை அப்போது நான் பார்த்திருக்கவில்லை.

பட்டறைக்காரர்கள்

கேசட் போக ஆரம்பித்தது. லேத் பட்டறை வைத்திருந்த துரைசாமி அண்ணன் ஒரு சனிக்கிழமை எடுத்துப்போனார். திங்கட்கிழமை வந்து கவுண்டரில் பொத்தென்று வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, யாருங்க அந்தப் பேராசிரியரு? தனிமையாமா தனிமை! பறக்கறப்ப முதுகுல கம்பி தெரியுது. நம்ம பட்டறைல செஞ்சிருந்தா அந்தச் சிறகு இன்னும் நல்லா மடங்கியிருக்கும்."

"எழுதிப்போடுங்கண்ணா" என்று பேனாவை நீட்டினேன்.

எழுதினார். கம்பி தெரிவதும் அழகுதான் என்று பேராசிரியர் பதில் எழுதினார். துரைசாமி அண்ணன் அதற்குப் பதில் எழுத மறுபடியும் கேசட் எடுத்தார். பட்டறை ஆட்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அட்டை நிரம்பி, தாள் ஒட்டி, அது விசிறி மாதிரி மடங்கியது.

மூன்று நாலு வருடம் கழித்து அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. கம்ப்யூட்டர் வேலைப்பாடு, கம்பியே இல்லை. துரைசாமி அண்ணன் தியேட்டரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார்.

"இதெல்லாம் ஒரு படமாங்க? வழவழன்னு சோப்பாட்டம் இருக்குது. பழசுல கம்பி தெரிஞ்சாலும் ஒரு மனுசன் தொங்கறான்னு தெரிஞ்சுதுங்க. அதானுங்க படம்!"

"கம்பி தெரியுதுன்னு திட்டுனது நீங்கதானுங்கண்ணா."

"அப்ப எனக்கு வெவரம் பத்தாதுங்க. பேராசிரியரு அப்பவே சொன்னாரு."

எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை.

ஞானம் சார் வந்தார்

பட்டறைக்காரர்கள் ஞானம் சாரின் பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். 'பேராசிரியர் மதியரசு கண்ட நுட்பத்தை உங்கள் விமர்சகர் காணாதது ஏன்?' பத்திரிகையும் அதை அச்சில் போட்டுவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் ஞானம் சார் கடைக்கு வந்தார்.

"பாய், கோயமுத்தூர்ல இருக்கற காலேஜ் எல்லாத்துலயும் விசாரிச்சாச்சு. மதியரசுன்னு ஒரு பேராசிரியர் கெடையாது. உங்க அட்டையெல்லாம் பொய்யின்னு நாளைக்கு எழுதப்போறேன்."

சலீம் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "சார், இருபது வருசமா கடை வச்சிருக்கேன். எங்கடையில பொய்யி எழுத மாட்டாங்க. இந்தப் புள்ளையவே கேளுங்க. இது பொய் சொல்லாது."

அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"பாய், அது நாந்தானுங்க. மதியரசு நாந்தான்" என்றேன்.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஞானம் சார் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எழுதுங்க சார். அதுக்கு முன்னால ஒண்ணு பாத்துருங்க" என்று, முந்தின நாள் அவர் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நம்பர் கேசட்டை டெக்கில் போட்டேன். மற்ற மூன்றும் எப்போதும் பட்டறை ஆட்களிடமே சுற்றும். மூன்றாம் நம்பர் மட்டும் சார் எடுப்பது. யாராவது பாராட்டிய கலைப்படம் ஒன்றின் அடியில் மறைத்துத்தான் எடுத்துப்போவார். ஒருமுறைகூட ரீவைண்ட் செய்து தந்ததில்லை. கேசட் எப்போதும் ஒரே இடத்தில் நின்றிருக்கும்.

பிளே அமுக்கினேன். முந்தின காட்சியில் ரயிலையே தூக்கி நிறுத்திய வானப்பருந்து, படுக்கையில் கிடக்கும் தன் அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடுகிறான். அந்தத் தடித்த விரலுக்குச் சின்னப் பட்டன் அகப்படவில்லை. நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறான். படம் நெடுகக் கோடு ஓடியது. திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தால்தான் டேப் அப்படித் தேயும்.

"மத்த மூணு கேசட்டுல சண்டை வர்ற எடந்தான் சார் தேஞ்சிருக்கு. இதுல மட்டும் இங்க."

ஞானம் சாரே கை நீட்டி டெக்கை நிறுத்தினார். "எங்கப்பாவுக்கு நாந்தான் சட்டை மாட்டிவிடறேன். ரெண்டு வருசமாச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, இவ்வளவு எழுதுன உங்க பேராசிரியரு இந்தக் காட்சியப் பத்தி ஒரு வரி எழுதலையே, ஏம்மா?"

"அப்ப நான் படமே பாக்கலீங்க சார்."

அவர் நோட்டை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "இது இடைவேளைக்கு அப்பறம் வருது. நான் இடைவேளையிலேயே எந்திரிச்சுப் போய் விமர்சனம் எழுதிட்டேன்."

ஸ்டூலிலிருந்து பாய் சத்தமாகச் சிரித்தார். "ஆக, பாக்காதவங்க ரெண்டு பேரு எழுதுனதை வச்சு ஊரே இத்தனை வருசம் சண்டை போட்டுருக்குது! முழுசாப் பாத்தது தொரைசாமி மட்டுந்தான்."

ஞானம் சார் பேனாவைத் திறந்து, மூன்றாம் நம்பர் அட்டையில் 'என் பழைய விமர்சனம் பாதிப் படத்துக்கானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்திரிகையில் எதுவும் வரவில்லை. பாய் மட்டும் ஒரு வாரம் என்னை 'பேராசிரியரே' என்று கூப்பிட்டார். அதுதான் தண்டனை.

துரைசாமி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்தவே இல்லை.

"அட, மொத வருசமே கண்டுபிடிச்சுப்போட்டோமுங்க. மெம்பர் கார்டுல இருக்கறதும் அதே எழுத்துத்தானுங்க. பேராசிரியரு பாக்கச் சொன்னாருன்னா ஊட்ல திட்ட மாட்டாங்க. அதான் கம்முனு இருந்தோம்."

புதிதாகக் கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு

இப்போது நான் சீனியர். எம்.ஏ. அஞ்சல் வழியில் இரண்டாம் வருடம். கருத்து அட்டையில் என் சொந்தப் பெயரில்தான் எழுதுகிறேன்.

கேசட் திரும்பி வந்ததும் ரீவைண்டை அமுக்கிவிடாதீர்கள். முதலில் பிளே போட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அட்டையைப் படியுங்கள். அட்டையில் எழுதுவது வருடத்துக்கு வருடம் மாறும். திட்டியவரே கொண்டாடுவார், கொண்டாடியவர் அடுத்த பாகம் வந்ததும் மூக்கைச் சுளிப்பார். அட்டையும் டேப்பும் ஒத்துப்போகாவிட்டால் டேப்பை நம்புங்கள்.

வானப்பருந்து எப்படி என்று என்னைக் கேட்டால், நல்ல படம்தான். இப்போது பார்த்துவிட்டேன்.