ஹாஜரா ராத்தா தைத்த சாம்பல்நிறக் கவுன்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் நால்வர் இருந்தோம்: நான், என் கணவர், மாமியார், தையல்கார ஹாஜரா ராத்தாவிடம் நாடகக் கவுன் வாங்கிப் போக என்னைக் கூட்டிச்செல்ல வந்த ரோசலின் டீச்சர். பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. ராத்தாவின் மகள் பஸ்லினா வாசலில் நின்று, “சாச்சி, உம்மா மௌத்தாயிட்டாங்க” என்றாள். டீச்சர் சிலுவை அடையாளமிட்டார்கள். நாங்கள் மரணச் செய்திக்கு ஓதும் இன்னாலில்லாஹி ஓதினோம்.

அக்கா முறையில் நாங்கள் அழைத்த ராத்தா யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து பள்ளிவாசல்துறைக்கு வந்தவர்கள். யுத்தம் முடிந்து பலர் திரும்பியும் அவர்கள் போகவில்லை. “அங்கயும் கடல், இங்கயும் கடல். என்ட மெசின் இங்க பழகிட்டு” என்பார்கள்.

அவர்கள் இங்கேயே தங்கிவிட்ட பிறகு, ஒரு வருடம் பாடசாலை ஆங்கில நாடகம் வந்தது. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த புதிதில் சீமாட்டிகள் உடுத்த கவுன் வேண்டும் என்று டீச்சர் படப்புத்தகத்தோடு வந்தார்கள். ராத்தா படத்தைப் பார்த்து, “தலையில தொப்பி, தோள்ல சால்வை, கை மணிக்கட்டு மட்டும், பாவாடை நிலம் மட்டும். அபாயாவுக்கு இடுப்பு வெச்சா இதுதானே டீச்சர்” என்றார்கள்.

அவ்வளவு லேசாக இருக்கவில்லை. பாவாடை மணிபோல் விரிந்து நிற்க வேண்டும். கம்பி வளையம் வைக்கலாம் என்றார்கள் டீச்சர். ஆனால் கம்பிக்கூடு பல வருடம் பிந்தி வந்தது. அந்தக் காலத்தில் குதிரைமயிர் கலந்து நெய்த விறைப்பான உட்பாவாடையும், அதன்மேல் நாலைந்து பாவாடைகளும்தான். நான் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னேன். குதிரைக்கு எங்கே போவது? ராத்தா பழைய மீன்வலையைச் சுருக்கிச் சுருக்கி அடுக்காகத் தைத்தார்கள். நின்றது. ஒத்திகையன்று சீமாட்டிக்குப் பின்னால் இரண்டு பூனைகளும் மேடையேறின.

“வலையக் கழுவல்லயா ராத்தா?” என்றேன்.

“மூணு தரம் கழுவினன். பூனைக்கு ஆர் சொன்னது?”

தோள் தையல் புயத்தில் இறங்கியிருந்ததால் சீமாட்டியாக நடித்த பிள்ளையால் கையைத் தூக்க முடியவில்லை. கக்கத்தில் துண்டு வைத்துத் தளர்த்தச் சொன்னார்கள் டீச்சர்.

“வேணாம் டீச்சர். படத்தில உள்ளபடியே இரிக்கட்டும். தூக்கி எடுக்கிறதுக்கு அந்தச் சீமாட்டிட வீட்டில ஆக்கள் இருந்திருப்பாங்க.”

எல்லோரும் சிரித்தோம். பிறகு ராத்தா மெதுவாக, “பாவம், தன்ட தலைமயிரையும் தானாக் கட்டேலாது” என்றார்கள்.

இந்த வருடமும் அந்தக் கவுனைத் தருவதாக ராத்தா டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த வாக்கு அமானத், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி. அதை நிறைவேற்றுவது இப்போது எங்கள் மேல் இருக்கிறது. ஆனால் பிழை விட்டது நான்தான். மூன்றாம் நாள் ராத்தாவின் உடுப்புகளை வசதி இல்லாத வீடுகளுக்குப் பகிர, நானே ஆறு மூட்டை கட்டினேன். வலை இல்லாமல் மடித்துக் கிடந்த கவுன் என் கண்ணுக்குக் கவுனாகத் தெரியவில்லை. “சாம்பல் துணி, ஒன்று” என்று கொப்பியில் எழுதினேன். எந்த மூட்டையில் வைத்தேன் என்று எழுதவில்லை.

ராத்தாவின் மெசினுக்குப் பக்கத்தில் அந்த வலைப் பாவாடை, மேலே ஒன்றும் இல்லாமல், தானாக நிற்கிறது. அல்லாஹ் நீங்கள் அடங்கியிருக்கும் கப்ரை விசாலமாக்குவானாக, ராத்தா.

மூட்டை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை வெட்டிப் பிள்ளைகளுக்குத் தைத்திருந்தால் அது உங்களுக்கு ஹலால். டீச்சரிடம் நான் சொல்லிக்கொள்வேன். வெட்டாமல் இருந்தால் நாடகத்துக்கு மட்டும் இரவல் தாருங்கள். எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்குப் பதில் சொல்லி அனுப்புங்கள்.