தலையாட்டிக் கேட்ட அம்மா

சேலத்தில் எங்கள் சிறு அருங்காட்சியகம் ஞாயிறுதோறும் ஆன்லைனில் வரலாற்றுப் பேச்சு நடத்துகிறது. பேசுவது நான்தான். கேட்பவர்கள் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுவார்கள், ஒரே ஒரு அம்மாவைத் தவிர. நாமகிரிப்பேட்டைக்காரர். மஞ்சள் பூசிய முகம், பெரிய குங்குமப் பொட்டு. நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார்.

மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர்களைப் பற்றிப் பேசிய அன்று வந்திருந்ததே நாலைந்து பேர். பாதியில் மற்றவர்கள் போய்விட்டார்கள். இந்தப் பேச்சுகளையே இதோடு விட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்த அம்மா மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்காகவே கடைசிவரை பேசினேன்.

அடுத்த வாரம் அவர் நேரில் வந்து நின்றார்.

"அம்மா, நீங்க இல்லைன்னா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்" என்றேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "அன்னைக்குப் போன்ல சத்தமே வரலீங்க சாமி. நீங்க ஒத்தையில பேசிட்டிருந்தீங்க. நானும் எந்திரிச்சுப் போயிட்டா உங்க மனசு சங்கடப்படுமுங்களே."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"தண்ணிக்குள்ள ஒரு கோயில் படம் காமிச்சீங்களே, அது எந்த ஊருங்க? அதக் கேக்கலாம்னுதான் பஸ் ஏறி வந்தனுங்க."

அவர் ஒருவருக்காக, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.