சத்தத்தை வரைந்த லூர்துராணி

திருச்சி பாலக்கரையில் லூர்துராணியைத் தெரியாதவர்கள் கிடையாது. பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். முகத்தை வரைந்தால் ஆள் எழுந்து பேசுவதுபோல் இருக்கும்.

1938இல் ஒருநாள் அவள் கணவர் அற்புதசாமி, தாம் வேலை பார்த்த பொன்மலை ரயில் பட்டறையிலிருந்து ஒரு பழைய சீமைப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு வண்ணப் படம். மரமில்லை, மனிதரில்லை. கறுப்புக் கோடுகள் பாய்ந்தன. நடுவே மஞ்சள் வெடித்தது.

"அச்சுல ஏதோ தப்பாயிடுச்சு போல" என்றார்.

"இல்லீங்க! இந்த மஞ்சளைப் பாருங்க, எப்படிக் கத்துது!"

அரூப ஓவியம் என்ற பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. நாகஸ்வரத்தில் ராகம் வாசிக்கும்போது சொல் ஏது, கதை ஏது? நெஞ்சு விம்மத்தானே செய்கிறது! இத்தனை நாளும் நிறம் மூக்குக்கும் முந்தானைக்கும் ஊழியம் செய்தது. இங்கே அது தனக்காகவே பேசியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பெரிய அட்டையைத் தரையில் விரித்தாள். பொன்மலைப் பட்டறையை வரைய வேண்டும். என்ஜினை அல்ல, சத்தத்தை! சம்மட்டி அடிக்குத் தடித்த கறுப்பு, வேலை நேரத்துக்கு ஊதும் சங்குக்குச் சீறும் சிவப்பு. பழகிய கை தானாகவே ஒரு சக்கரத்தைப் போட்டுவிட்டது. கிழித்தாள். வேறொரு அட்டையில் கண்டபடி இழுத்துப் பார்த்தாள், உயிர் வரவில்லை. ஒரு பக்கம் கோடு கனத்தால் எதிர்ப்பக்கம் ஒரு நிறம் அதைத் தாங்க வேண்டும் என்று பிடிபட்டபோது, அட்டை முழுவதும் அதிரத் தொடங்கியது.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள்.

அடுத்த வீட்டு மஜீதா பதறி ஓடிவந்தாள். "என்ன ராணிக்கா, என்னாச்சு?"

"இதைப் பாரு. என்ன தோணுது?"

மஜீதா கண்ணெடுக்காமல் பார்த்தாள். "என்னன்னு சொல்லத் தெரியல. ஆனா நிக்கிற தரை நடுங்குற மாதிரி இருக்கு." பிறகு தயங்கிக் கேட்டாள்: "இதை எனக்குத் தருவீங்களா? எங்க வீட்ல உருவப்படம் மாட்ட மாட்டோம். தெருவுல எல்லார் வீட்லயும் உங்க படம் இருக்கு, என் வீட்ல மட்டும் இல்ல. இதுலதான் யாருமே இல்லையே!"

லூர்துராணி அவளைக் கட்டிக்கொண்டாள். அற்புதசாமி ஆணியும் சுத்தியலுமாகக் கிளம்பினார்.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பிய மஜீதாவின் கணவர் காஜா மைதீன், கூடத்துச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "மாஷா அல்லாஹ்! பெருநாளன்னிக்குப் பெரிய கடை வீதி மாதிரில்ல இருக்கு!"

"பட்டறைச் சத்தமுங்க அது" என்று, மனைவியோடு அங்கே வந்திருந்த அற்புதசாமி சொல்ல வாயெடுத்தார். லூர்துராணி அவர் கையை அழுத்தினாள்.

"அப்படியும் பாக்கலாம் பாய்!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

மறுநாள் வகுப்பில் அவள் பூவையும் பானையையும் ஓரங்கட்டினாள். "இன்னிக்கு எல்லாரும் புளிப்பை வரைங்க பாப்போம்!" என்றாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சரும் எட்டிப் பார்த்தார்.