கண்ணாடியில் நான் பூசிய சந்தனம்

போன பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவன் நான். சொல்லத் தெரிந்தமட்டும் சொல்கிறேன்.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு மாவு மில். என் மனைவிக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் விழுப்புரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தோம். திரும்பும்போது அவளுக்குத் தலை நிற்காது, குமட்டும். உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்த நாளும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு எங்கள் பெண்ணும் மருமகனும் ஒரு கரண்ட் கார் வாங்கித் தருகிறோம் என்றார்கள். மில்லுக்காகப் பத்து வருடம் லோடு வண்டி ஓட்டியவன் நான், அதனால் எனக்கும் சரியென்று பட்டது.

எந்தக் கார் என்பதில் ஒரு மாதம் போனது. மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தோம். முதல் வண்டியில் சீட் மெத்தை மாதிரி இருந்தது, ஆனால் ரொம்பத் தாழ்வு. உட்கார்ந்த என் மனைவியைத் தூக்கி எழுப்ப வேண்டியிருந்தது. இரண்டாவது வண்டி ஒரு சார்ஜில் ரொம்ப தூரம் ஓடும், விழுப்புரத்துக்கு மூன்று தடவை போய் வரலாம் என்றார்கள். ஆனால் அடியில் பெரிய பேட்டரி. தரை உயர்ந்துபோய், பின்சீட்டில் உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வந்தது. "இதுல குந்திக்கினு போறதுக்கு பஸ்ஸே தேவலாங்க" என்று இறங்கிவிட்டாள்.

மூன்றாவது வண்டி அவ்வளவு தூரம் ஓடாது. ஏ.சி. போட்டால் அவர்கள் சொன்னதில் முக்கால்வாசிதான் தேறும். எங்களுக்கு அது போதும். முன்சீட்டை நன்றாகச் சாய்த்துப் படுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் ஆள் வந்தாலும் வண்டி வந்தாலும் தானாகவே பிரேக் போடும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை இழுத்துச் சரிசெய்யும் என்றார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மில்லில் நின்றுவிட்டு வந்து ஓட்டினால் அசதியாக இருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே அதை எடுத்தோம். "இது உங்களுக்குத் துணைதான் சார், ஓட்டறது நீங்கதான்" என்று விற்ற தம்பி சொன்னார். தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் வண்டி வந்தது. வந்த புதிதில் அது ரொம்பப் பயந்த சுபாவம். எதிர்ப்பக்கமாக டூ வீலர் வந்தால் கீச் கீச்சென்று கத்தும். ஓரமாக மாடு நின்றால் பிரேக் போடும். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் கத்துறேன், ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? இது கத்தினா மட்டும் உடனே நிக்கறீங்க" என்று சிரிப்பாள். ஒரு நாள் விக்கிரவாண்டி கிட்டே முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி தானாகவே நின்றுவிட்டது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கும்பிட்டோம். அதிலிருந்து எனக்கு அந்த வண்டி மேல் தனி நம்பிக்கை. உள்ளே அம்மனே உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி.

மாசித் திருவிழாவுக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போய் வண்டிக்குப் பெரிய பூஜையாகப் போட்டோம். பூசாரி பானெட்டில் சின்னதாகப் பொட்டு வைத்தார். எனக்கு மனசு நிறையவில்லை. என் மனைவியின் உயிர் இந்த வண்டியில் போய் வருகிறது, நெற்றி நிறைய வைத்தால்தானே காவல் என்று நினைத்தேன். முன்கண்ணாடியின் மேலே, நட்டநடுவில், சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து உள்ளங்கை அகலத்துக்கு அப்பினேன். நடுவில் குங்குமம். ஓட்டுகிறவனுக்கு மறைக்காத இடம், பார்க்கவும் லட்சணமாக இருந்தது. பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவுவேன். சாமிப் பொட்டை அழிக்கக் கூடாது என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, காய்ந்த சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் வைப்பேன்.

அதற்கப்புறம் வண்டி கத்துவதை நிறுத்திவிட்டது. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் திரையில் மஞ்சளாக இங்கிலீஷில் ஏதோ எழுத்து வரும். ஓகே என்ற இடத்தைத் தொட்டால் போய்விடும். சர்வீஸுக்கு விடச் சொல்கிறது போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். மருமகனிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வேலையில் இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். வண்டி அமைதியானது அம்மன் அருள் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவளும் நம்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் நினைத்தபடி தண்ணீர் குடிக்கக் கூடாது. அதனால் பாட்டில் என் பக்கம்தான் இருக்கும். கேட்கும்போது ஒரு மூடி அளவு ஊற்றிக் கொடுப்பேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் "நாக்கு ஒட்டிக்குதுங்க" என்றாள். பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகினேன்.

"ரோட்டப் பாருங்க. வண்டிய நிறுத்திட்டு ஊத்துங்களேன்" என்றாள்.

"அது பாத்துக்கும்மா" என்றேன்.

மூடியில் தண்ணீர் தளும்பாமல் ஊற்றி அவள் பக்கம் நீட்டினேன். தொம் என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வேர்க்கடலைச் செடி, மண், பச்சைக் காய். ஒன்றும் தெரியவில்லை. வண்டி எப்படி நின்றது என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. இறங்கி ஓடினேன். நாற்பது வயசு இருக்கும் ஒரு அம்மா ரோட்டில் கிடந்தார்கள். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற அந்தக் கடலையை நிலத்தில் பிடுங்கிவிட்டு, செடிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தவர்கள். அவர்களுடைய இடது கால் இருந்த நிலையை நான் எழுத மாட்டேன். கூட வேலை செய்த பெண்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்து "ஊமை மாரி வண்டிய ஓட்டிக்கினு வந்து இப்படி பண்ணிட்டியேடா பாவி" என்று உலுக்கினார்கள். அவர்கள் சொன்னது சரி. கரண்ட் வண்டி, அது வந்த சத்தமே யாருக்கும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

என் மச்சான், மனைவியின் தம்பி, விழுப்புரத்திலிருந்து ஓடி வந்தான். முதலில் அக்காவை டயாலிசிஸில் கொண்டுபோய் விட்டான். அப்புறம் ஸ்டேஷனுக்கு என்கூட வந்தான். "மாமா, நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்" என்றான். பேசினான். "திடீர்னு குறுக்க ஓடியாந்துட்டாங்க சார். பிரேக்கும் புடிக்கல." நான் பக்கத்தில் நின்றேன். ஓடி வந்தார்களா நடந்து வந்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கவே இல்லையே. அவன் சொன்னபடி எழுதினார்கள். கையெழுத்து போட்டேன்.

வண்டி ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று மருமகன் கார் கம்பெனியோடு சண்டை போட்டதில், நாலு நாள் கழித்து ஒரு தம்பி போலீஸ் அனுமதியோடு வண்டியைப் பார்க்க வந்தார். முதலில் கதவைக்கூடத் திறக்கவில்லை அவர். கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றார்.

"இத யாருங்க பூசினது?"

"நாந்தாம்பா. சாமிக்கு."

நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் ஓடு மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம், சின்னதாக வட்டமாக ஒரு கேமரா இருந்தது. அதுவரை அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு அவர் உள்ளே உட்கார்ந்து, திரையில் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இதாங்க இந்த வண்டிக்குக் கண்ணு. இதுல பாத்துதான் அது பிரேக் போடும். கண்ணு மறைஞ்சிருக்கு, என்னை நம்பாதீங்கன்னு மூணு வாரமா திரையில சொல்லிக்கினே இருந்திருக்கு. நீங்க படிக்கலியா?"

ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மச்சானும் இருந்தான். "இத வெளியில சொல்லிக்கினு இருக்காதீங்க மாமா, எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்" என்றான். அவள் தம்பி பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் பொம்பள கால எடுத்துட்டு, தப்பையும் அவ தலைமேல வெச்சா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அம்மனக் கும்புடறது? போய் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் அவர்களுடைய தங்கை. கையைக் கூப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், கேமரா, மஞ்சள் எழுத்து, ஸ்டேஷனில் பேசாமல் நின்றது, எல்லாம். திட்டுவார்கள், சாபம் விடுவார்கள் என்றுதான் போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "சந்தனம் கெடக்கட்டும்ணா. வண்டி கண்ணு மறைஞ்சிபோச்சி. உங்க கண்ணு எங்க இருந்துச்சி?" என்றார்கள்.

தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். மனைவிக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

"நான் ஓடியாரலண்ணா. நின்னு பாத்தேன். உங்க வண்டி தூரத்துல வந்துக்கினு இருந்துச்சி. பட்டப்பகலு, தலைமேல இம்மாம் பெரிய கட்டு. ஓட்டற ஆளு நம்மளப் பாக்காமயா பூடுவாருன்னுதான் கால எடுத்து வெச்சேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர்களுடைய தங்கை, "போங்கண்ணா, டாக்டர் வர்ற நேரம்" என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், அவர்கள் ஓடி வரவில்லை, நான்தான் ரோட்டைப் பார்க்கவில்லை என்று என் வாயால் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கேஸ் நடக்கிறது. என்ன தீர்ப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மச்சான் என்னோடு பேசுவதில்லை. மல்லாட்டை பிடுங்குவது குந்திச் செய்கிற வேலை. அந்த அம்மா இனி எந்த நிலத்திலும் குந்த முடியாது. எங்களால் ஆனதைச் செய்கிறோம். அதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை.

நானும் என் மனைவியும் மறுபடி பஸ்ஸில்தான் விழுப்புரம் போய் வருகிறோம். அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதும் நிற்கவில்லை. ஆனால் சந்நிதியில் கண்ணை மூடிக் கும்பிட மட்டும் இன்றுவரை முடியவில்லை. மூடினால், ரோட்டோரம் தலையில் கட்டோடு நின்று, வருகிறவன் தன்னைப் பார்த்துவிட்டான் என்று என்னை நம்பிக் காலை எடுத்து வைக்கிற அந்த அம்மாதான் தெரிகிறார்கள்.